டிஸ்னி ஸ்கைலைனர்: அம்மாவை ஏற்றலாமா? இதை எப்படி இயக்குகிறார்கள்?

நெய்தல்நிலம் (நியூ ஜெர்சி):

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் விடுமுறைக்கு ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம். பாப் செஞ்சுரி ஓட்டலில் அறை எடுத்தாகிவிட்டது. நான், கணவர், 8 வயது மகள், 4 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா. அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. வீட்டுக்குள் நடந்துவிடுவார், வெளியே போனால் சக்கர நாற்காலிதான்.

அந்த ஓட்டலைத் தேர்ந்தெடுத்ததே ஸ்கைலைனர், அதாவது வடத்தில் தொங்கியபடி ஓடுகிற கோண்டோலாவின் நிலையம் வாசலிலேயே இருக்கிறது என்பதற்காகத்தான். பேருந்துக்கு வரிசையில் நிற்கிற தொல்லை இல்லை. ஆனால் என் அண்ணன் போனில், "அது 2019-லேயே முட்டிக்கொண்டு நின்ற வண்டி, அம்மாவை அதில் ஏற்றாதே" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவும் யோசிக்கிறார்.

"ஒன்றும் ஆகாது" என்ற ஆறுதல் எனக்குப் போதாது. எப்படி ஓடுகிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள், நடுவில் நின்றால் என்ன செய்வார்கள் என்று புரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். நகர்ந்துகொண்டே இருக்கிற பெட்டியில் நாற்காலியோடு எப்படி ஏறுவது? ஏசி கிடையாதாமே?

வெயிலூர் (டாம்பா):

தங்கச்சி, நான் இருப்பது ஒன்றரை மணி நேரத் தொலைவில். மாதம் ஒரு தடவையாவது பிள்ளைகளோடு போய்வருவேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மொத்தம் மூன்று தடங்கள். மூன்றும் கரீபியன் பீச் ஓட்டல் பக்கத்தில் இருக்கிற நடு நிலையத்தில் சேரும். அங்கிருந்து ஒன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவுக்கு, ஒன்று ரிவியரா ஓட்டல் வழியாக எப்காட் பூங்காவுக்கு, ஒன்று உங்கள் பாப் செஞ்சுரிக்கும் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஓட்டலுக்கும். நீங்கள் எங்கே போனாலும் நடு நிலையத்தில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் பூங்காக்களுக்குக் கோண்டோலா கிடையாது, பேருந்துதான்.

கட்டணம் இல்லை. ஓட்டலில் தங்காதவர்கள்கூட ஏறலாம். எப்காட்டில் இறங்குவது முன்வாசலில் இல்லை, பின்வாசலில். பிரான்சு அரங்குக்கும் இங்கிலாந்து அரங்குக்கும் நடுவே உள்ளே நுழைவீர்கள். உங்கள் ஓட்டல் நிலையம் ஏரியின் மேல் பாலத்தில் இருக்கிறது. அறையிலிருந்து தள்ளுவண்டியோடு உருட்டிக்கொண்டே போய்விடலாம்.

ஏசி இல்லை, உண்மை. கேபினில் காற்றுத் துளைகள் இருக்கின்றன, ஓடும்போது நல்ல காற்று வரும். ஜூலை மதியம் நின்றால் வேர்க்கும். டிசம்பரில் அந்தக் கவலை வேண்டாம். காலையில் அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி இடித்தால் நிறுத்திவிடுவார்கள். ஃப்ளோரிடா மின்னலை அறிந்தவர்கள் யாரும் அதற்குக் குறை சொல்ல மாட்டார்கள்.

மண்வாசனை (அட்லாண்டா):

நான் மாற்றுக் கருத்து. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2019 செப்டம்பர் 29 அன்று திறந்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 5 சனிக்கிழமை இரவு எப்காட் தடத்தில் ரிவியரா நிலையத்தில் கேபின்கள் ஒன்றோடொன்று முட்டிக் குவிந்து நின்றுவிட்டன. தடம் முழுக்க ஆட்கள் அந்தரத்தில். சிலர் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியின் ரீடி கிரீக் தீயணைப்புத் துறை வந்து சிலரை இறக்கியது. அக்டோபர் 14 வரை மூன்று தடங்களும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு அவ்வளவு பெரிதாக எதையும் நான் கேள்விப்படவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 71 வயது அம்மா. கழிப்பறை அவசரம் வந்தால்? சர்க்கரை இருந்தால்? பேருந்து நின்றால் கதவைத் திறந்து இறங்கிவிடலாம். இதில் இறங்க முடியாது. அந்த ஒரு வித்தியாசம் எனக்குப் போதும்.

வடம்பிடி (வெர்மான்ட்):

மண்வாசனை கேட்டது நியாயமான கேள்வி. நான் ஒரு பனிச்சறுக்கு மலையில் ஆறு குளிர்காலம் கோண்டோலா பழுதுபார்க்கும் வேலை பார்த்தவன். டிஸ்னியில் வேலை செய்ததில்லை. ஆனால் இயந்திரம் ஒரே குடும்பம். ஸ்கைலைனரைக் கட்டியது ஆஸ்திரியாவின் டோப்பல்மாயர். கோண்டோலா உலகில் அவர்கள் பெயரைக் கேள்விப்படாதவர் கிடையாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோண்டோலா என்றதும் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம். வேலை நடப்பது அங்கே இல்லை, நிலையத்துக்குள்ளே.

வடம் ஒன்றுதான். இரண்டு முனையையும் முறுக்கிப் பின்னி ஒரே வளையமாக்கியிருப்பார்கள். அது நிற்காமல் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கேபினின் தலையில் ஒரு பிடி இருக்கிறது. நாங்கள் 'கிரிப்' என்போம். வலுவான ஸ்பிரிங் வைத்து வடத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். கேபின் நிலையத்துக்குள் நுழையும்போது ஒரு தண்டவாளம் அந்தப் பிடியின் கையை அமுக்கும். பிடி திறக்கும். வடம் தன் வேகத்தில் போய்விடும், கேபின் மட்டும் தனியே. மேலே வரிசையாகச் சின்னச் சின்ன ரப்பர் டயர்கள் சுழலும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் மெதுவாக. அவை கேபினை வாங்கி வாங்கி, கடைசியில் ஆமை நடைக்குக் கொண்டுவந்துவிடும். கதவு திறக்கும், ஆள் ஏறுவார்கள், கதவு மூடும். அப்புறம் அதே மாதிரி டயர்கள் வேகம் கூட்டி, வடத்தின் வேகத்துக்குச் சரியாக வந்ததும் பிடி மறுபடி கவ்வும். சரியாகக் கவ்வியதா என்று கருவி சோதிக்கும். திருப்தி இல்லையென்றால் கேபின் வாசலைத் தாண்டாது.

கவனியுங்கள்: பிடி நழுவாதவரை வெளியே இருக்கிற கேபின்கள் ஒன்றையொன்று தொட வழியே இல்லை. எல்லாம் ஒரே வடத்தில், ஒரே வேகத்தில் போகின்றன. நிலையத்துக்குள் வந்த பிறகுதான் வடத்தை விட்ட கேபின் ஒன்று நகராமல் நின்றால் பின்னால் வருகிறது அதன்மேல் வரும். நாம் ஏறி இறங்க வசதி செய்து தருவது எதுவோ, அதுவே ஆபத்தான இடமும். அதனால் நிலையத்துக்குள்ளே அடிக்கு அடி சென்சார். இடைவெளி குறைந்தால் முழுத் தடமும் நிற்க வேண்டும். நிற்பதைக் கோளாறு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான நேரம் அது கோளாறை வளரவிடாமல் பிடித்துக்கொண்டது என்றுதான் பொருள்.

தேர் இழுத்தவர்களுக்கு இது புரியும். ஆயிரம் பேர் வடம் பிடிப்பார்கள். தேர் யார் கையில் இருக்கிறது? சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கிற நாலு பேர் கையில்.

என் முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த மலை என்பது வேண்டாம். ஜனவரி, பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி. காலை பத்து மணி வாக்கில் மேல் நிலையத்தில் இடைவெளி எச்சரிக்கை அடித்து லைன் நின்றுவிட்டது. முந்தின நாளும் இதே எச்சரிக்கை. சென்சாரில் ஐஸ் கட்டியிருந்தது, துடைத்துவிட்டு ஓட்டினோம். அதனால் இன்றைக்கும் ஐஸ்தான் என்று என் கை ரீசெட் பொத்தானுக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர், இந்த வேலையில் முப்பது வருஷம் பழுத்தவர், தன் கையுறையை அப்படியே பொத்தான்மேல் வைத்து மூடினார். "போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏணியில் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒரு டயரை ஓட்டுகிற பெல்ட் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த டயருக்குக் கீழே ஒரு கேபின் அசையாமல் நின்றது. அடுத்த கேபின் அதற்கு இரண்டடி தூரத்தில். என் வாய் உலர்ந்துவிட்டது. பெல்ட்டை மாற்ற நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் பெரியவர் ஐந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாதபோதும், "இன்னும் வேலை நடக்கிறது, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்றார். மேலே இருப்பவர்களைப் பயமுறுத்துவது உயரம் இல்லை, மௌனம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

2019 சம்பவத்துக்குப் பிறகு டிஸ்னி வெளியிட்ட அறிக்கையிலும் இதுதான் இருந்தது. செயல்முறைகளையும் பயிற்சியையும் திருத்துகிறோம், பயணத்தின்போது பயணிகளோடு பேசுகிற முறையை மேம்படுத்துகிறோம் என்றார்கள். அதைப் படித்ததும் எனக்குப் பெரியவர் நினைவுதான் வந்தது.

இன்னொன்று. எங்கள் மலையில் லைன் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடும், வருஷத்தில் ஐந்து மாதம் போல. மீதி மாதங்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்போம். வடத்தைக் காந்தக் கருவிக்குள் ஓடவிட்டு உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று சோதிப்போம். பிடிகளைப் பிரித்து விரிசல் தேடுவோம். ஸ்கைலைனருக்கு அப்படி ஓய்வுக் காலமே இல்லை. பூங்கா திறக்கும் முன்பே ஓடத் தொடங்கி, கடைசிக் குடும்பம் அறைக்குப் போகிறவரை, வருஷம் முழுக்க. அவர்களுக்குக் கிடைப்பது இரவில் சில மணி நேரம், அதை விட்டால் கூட்டம் குறைந்த ஜனவரியில் சில நாள் மூடி வைத்துக்கொள்வது. அந்த இரவுக் குழுவைத்தான் நான் மனதார மதிக்கிறேன். அவர்களை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் பயணிகள் பாதிப் பேர் வருஷா வருஷம் வருகிற சறுக்கு வீரர்கள், கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்கள். டிஸ்னியின் பயணிகளோ தள்ளுவண்டி, தூங்குகிற குழந்தை, கையில் பலூன், காலையிலிருந்து நடந்து களைத்த தாத்தா. இயந்திரம் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு.

சின்னஊர்க்காரன் (டல்லாஸ்):

அண்ணா, அருமையான பதிவு. ஒரு சந்தேகம். கரண்ட் போய்விட்டால் எல்லாரும் மாட்டிக்கொள்வார்களா?

வடம்பிடி:

இல்லை தம்பி. கோண்டோலாவுக்கு மாற்று இயக்கம் கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் டீசல் எஞ்சின். வடத்தை ஓட்டுகிற பெரிய சக்கரத்தை மெதுவாகச் சுற்றி எல்லாக் கேபினையும் நிலையத்துக்குக் கொண்டுவந்துவிடும். மோட்டார் போனாலும் கரண்ட் போனாலும் இதுவே வழி. மண்வாசனை சொன்ன மாதிரி நிலையத்துக்குள்ளேயே கேபின் சிக்கினால்தான் சிரமம். அடைப்பை எடுக்காமல் எந்த எஞ்சினாலும் சுற்ற முடியாது. ஏணி வைத்தோ கயிற்றிலோ இறக்குவது கடைசி வழி, எங்கள் எல்லாருக்கும் அதில் பயிற்சி உண்டு. நான் ஆறு வருஷத்தில் பயிற்சிக்குத் தவிர ஒரு தடவைகூட ஒருவரையும் கயிற்றில் இறக்கியதில்லை.

மலைமேகம் (கோலாலம்பூர்):

நானும் சேர்ந்துகொள்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய விஷயம். கெந்திங் மலையில் 1997 முதல் ஸ்கைவே இருக்கிறது. 2016 டிசம்பரில் ஆவானா ஸ்கைவே வந்தது. அதுவும் பூங்காவும் ஓட்டல்களும் இருக்கிற உல்லாசத் தலத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற கோண்டோலாதான், அதுவும் டோப்பல்மாயர்தான், கேபினுக்குப் பத்துப் பேர்தான். நடுவில் சின் சுவீ கோவிலில் ஒரு நிலையம். சில கேபின்களில் தரையே கண்ணாடி.

ஒரு வித்தியாசம்: அங்கே மலை ஏற வேண்டும், அதனால் கேபிள் கார் இயல்பாகவே பொருந்துகிறது. மூடுபனி வந்தால் முன்னால் போகிற கேபின் தெரியாது, மேகத்துக்குள் தனியே மிதக்கிற மாதிரி இருக்கும். ஃப்ளோரிடா தட்டையான நிலம். ஏறுவதற்கு மலையே இல்லாத இடத்தில் இதை வெறும் போக்குவரத்தாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் ஆச்சரியம்.

பெரியவர்கள் பயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அத்தை சிங்கப்பூர்க்காரர், இன்றுவரை கேபிள் கார் ஏற மாட்டார். 1983 ஜனவரி 29 அன்று சிங்கப்பூரில் எனிவெட்டோக் என்ற துளையிடும் கப்பலின் உயரமான கோபுரம் செந்தோசா கேபிள் கார் வடத்தில் சிக்கியது. இரண்டு கேபின்கள் கடலில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். மற்றக் கேபின்களில் மாட்டிய 13 பேரை இரவோடு இரவாக ஹெலிகாப்டரில் காப்பாற்றினார்கள். அந்த இரவை வானொலியில் கேட்டு விழித்திருந்தவர்கள் அத்தை வயதுக்காரர்கள். அவர்களிடம் போய் "பயப்படாதீர்கள்" என்றால் ஏறாது. என்ன நடந்தது, இப்போது என்ன வேறு என்று உட்கார்ந்து சொன்னால் கேட்பார்கள். நெய்தல்நிலம் அக்கா, வடம்பிடி அண்ணன் எழுதியதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நாற்சந்தி (சியாட்டில்):

நான் போக்குவரத்துத் திட்டமிடல் துறையில் இருக்கிறேன். இந்த இழையில் பாதுகாப்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்.

ஒரு கணக்குக்காக, பத்து வினாடிக்கு ஒரு கேபின் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 360 கேபின். பத்துப் பேர் வீதம் 3600 பேர். நடைமுறையில் ஒரு குடும்பத்தில் நாலு பேர் ஏறிவிட்டு மீதி இடம் காலியாகப் போகும், அதனால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 1800. அறுபது பேர் ஏறுகிற பேருந்து என்றால் அதற்கு மணிக்கு 30 பேருந்து வேண்டும், இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. எந்த ஓட்டல் வாசலிலும் அப்படி விட முடியாது.

அதைவிட முக்கியம், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிஷம் அசையாமல் நிற்கிற குழந்தை அழும். இங்கே எட்டு நிமிஷம் வரிசை என்றாலும் கால் நடந்துகொண்டிருக்கும், நேரம் தெரியாது. பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2014-இல் இதே நிறுவனத்தின் கோண்டோலாவை நகரப் போக்குவரத்தாகவே தொடங்கி, பத்துத் தடங்களுக்கு வளர்த்துவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் தினமும் அதில்தான்.

ஆனால் வடம்பிடி அண்ணன் சொல்லாத ஒரு பலவீனம் உண்டு. கூட்டம் கூடினால் பேருந்துக்காரர் இன்னும் பத்து வண்டியை அனுப்பலாம். கோண்டோலாவில் கட்டிய அன்றைக்கு இருந்த உச்சம்தான் உச்சம். ஒரு கேபின்கூட அதற்குமேல் சேர்க்க முடியாது. எப்காட்டில் இரவு வாணவேடிக்கை முடிந்ததும் பின்வாசல் வரிசையைப் பாருங்கள், புரியும். இன்னொன்று அந்த நடு நிலையம். மூன்று தடமும் ஒரே இடத்தில் கோர்த்திருப்பதால் ஒன்று நின்றால் மற்ற இரண்டின் கூட்டமும் அங்கே தேங்கும். நான் திட்டம் போட்டிருந்தால் ஸ்டுடியோஸுக்கும் எப்காட்டுக்கும் நேர்வழி ஒன்று கேட்டிருப்பேன்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. டிஸ்னி வேர்ல்டில் 1971-இலிருந்து மோனோரயில் ஓடுகிறது, அது நிற்பது விலை உயர்ந்த ஓட்டல்களில். ஸ்கைலைனர்தான் முதன்முதலாகப் பாப் செஞ்சுரி மாதிரி விலை குறைந்த ஓட்டல்களின் வாசலுக்கு நல்ல போக்குவரத்தைக் கொண்டுவந்தது. சாதாரணக் குடும்பத்துக்குச் சுலபமாகக் கிடைக்கிற நல்ல வசதியை எங்கே பார்த்தாலும் எனக்கு மனம் நிறையும்.

வடம்பிடி:

நாற்சந்தி சொல்வது சரி. உச்சத்தைத் தாண்ட முடியாது என்பதால்தான் ஏற்றிவிடுகிறவர்கள் கை அவ்வளவு முக்கியம். "எத்தனை பேர்?" என்று அவர்கள் கேட்பது சும்மா இல்லை. இரண்டு பேரையும் நாலு பேரையும் சேர்த்து ஒரு கேபினில் அனுப்பினால் வரிசை கரையும். ஒருவர் தடுமாறினால் நிறுத்தப் பொத்தானுக்குப் போகுமுன் வேகத்தைக் குறைக்கத் தெரிய வேண்டும். முழுக்க நிறுத்தினால் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தொங்குகிறவரும் நிற்பார். அதற்காக நிறுத்தத் தயங்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே அரை வினாடியில் முடிவெடுக்கிறவர் இருபது வயதுப் பிள்ளையாக இருப்பார். அந்தப் பிள்ளைக்கு என்ன பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் எந்தப் பூங்காவிலும் முதலில் கேட்பேன்.

தங்கச்சி, சக்கர நாற்காலிக் கேள்விக்கு வருகிறேன். ஸ்கைலைனரின் பெரும்பாலான நிலையங்களில் ஓடுகிற வரிசையிலிருந்து கேபினைத் தனியே ஒதுக்கி, முழுக்க நிறுத்தி ஏற்றுகிற பக்கத் தடம் இருக்கிறது. மற்றக் கேபின்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அம்மா அவசரப்பட வேண்டியதே இல்லை. பழைய கோண்டோலாக்களில் நாற்காலி வந்தால் முழு லைனையும் மெதுவாக்க வேண்டும், வரிசையில் நிற்கிறவர்கள் முறைப்பார்கள், நாற்காலியில் இருப்பவர் கூனிக்குறுகுவார். அதை இந்த வடிவமைப்பு பெரும்பாலும் ஒழித்துவிட்டது. இதற்காகவே அதை வரைந்தவர்களைக் கும்பிட வேண்டும்.

மண்வாசனை:

நிலையத்துக்குள் நடப்பதை யாரும் எனக்கு இப்படி விளக்கியதில்லை. அந்த ரீசெட் பொத்தான் கதையைப் படித்துவிட்டு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

கழிப்பறைக் கேள்வியை மட்டும் நான் விடப்போவதில்லை. நின்றால் இறங்க முடியாது என்பது மாறவில்லை. ஏறுவதற்கு முன் அம்மாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள், நெய்தல்நிலம். மாத்திரை, பிஸ்கட், தண்ணீர் கைப்பையில் இருக்கட்டும். எப்காட் தடம்தான் நீளம், கால் மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றினால் வாடகைக் காரில் போய்விடுங்கள். எதற்கும் பேருந்து மாற்று இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதி.

வடம்பிடி:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். மின்னலுக்கு நிறுத்தினால் பேருந்து விடுவார்கள். மாற்று இல்லாத கோண்டோலாவைப் போக்குவரத்து என்று சொல்லக் கூடாது. தங்கச்சி, ஒரு வேண்டுகோள். கோபுரத்தைக் கடக்கும்போது மேலிருந்து கடகடவென்று ஒரு ஓசை வரும், வடத்தைத் தாங்குகிற சின்னச் சக்கரங்கள்மேல் பிடி ஏறிப் போகிற ஓசை. பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டே எந்தச் சக்கரத்தின் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்போம்.

நெய்தல்நிலம்:

போய் வந்துவிட்டோம்! பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிங்கப்பூர் சம்பவத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். ரீசெட் பொத்தான் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "அந்தப் பெரியவர் மாதிரி ஒருத்தர் அங்கேயும் இருப்பார்தானே?" என்று கேட்டார். இருப்பார் என்றேன்.

முதல் நாள் காலை ஏழரை மணி. ஏரிமேல் பனி படர்ந்திருந்தது. எங்களை வரிசையிலிருந்து தனியே அழைத்துப் போனார்கள். ஒரு கேபின் பக்கவாட்டில் ஒதுங்கி வந்து நின்றது. அசைவே இல்லை. ஏற்றிவிட்ட பெண்ணுக்கு என் மாமன் மகள் வயதுதான் இருக்கும். சக்கரத்தின் பிரேக்கைத் தானே ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்தாள், அம்மாவின் புடவைத் தலைப்பு சக்கரத்தில் படாமல் எடுத்து மடியில் வைத்தாள், பிறகு அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். அம்மாவும் அதே மாதிரி உயர்த்தினார். என் அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

நிலையத்தை விட்டுப் புறப்படும்போது சட்டென்று வேகம் எடுக்கிறது, அங்கே மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் பேசவே இல்லை, பார்த்துக்கொண்டே வந்தார். எப்காட்டின் பெரிய வெள்ளிப் பந்து தூரத்தில் தெரிந்ததும் மகன் கத்தினான்.

மூன்றாம் நாள் எப்காட்டிலிருந்து திரும்பும்போது நடுவழியில் மெதுவாகி நின்றது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. கீழே மரங்கள் மட்டும். நான் உடனே கைப்பையைத் துழாவினேன். அம்மா நிதானமாக என் மகளிடம், "யாரோ ஏறிக்கொண்டிருப்பாங்க. என்னை மாதிரி யாராவது. பொறு" என்றார். ஒலிபெருக்கியில் சிறிது நேரத்தில் புறப்படும் என்று சொன்னார்கள், புறப்பட்டது.

அண்ணன் நேற்று போன் செய்தார். அம்மா அவரிடம் கிரிப்பைப் பற்றி இருபது நிமிஷம் விளக்கினார்.

மலைமேகம்:

அக்கா, படித்ததும் அத்தைக்கு அனுப்பிவிட்டேன். கெந்திங் போகலாமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, ஆனால் படித்துவிட்டார் என்று காட்டுகிறது.

வடம்பிடி:

தங்கச்சி, அம்மா சொன்னதுதான் சரியான விளக்கம். அந்த ஓசையைக் கேட்டீர்களா?

நெய்தல்நிலம்:

கேட்டோம் அண்ணா. மகள் கண்ணை மூடிக்கொண்டு கோபுரங்களை எண்ணினாள். எப்காட் தடத்தில் ஒரு கோபுரத்தில் மட்டும் ஓசை கொஞ்சம் வேறு மாதிரி இருந்ததாம். போகும்போதும் வரும்போதும் அதே இடத்தில்தான் என்று சாதிக்கிறாள். யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கிறாள்.